விண்மீன் மண்டலங்களின் வயதும் எங்கள் ஐறீனின் வயதும்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
1997 ஓகஸ்ட், செவ்வாய்க்கிழமை.

அன்பும் பாசமும் நிறைந்த தம்பி பற்றிக் அறிவது,

இவ்விடம் நான், உன் அண்ணி நேசம், மகள் ஐறீன் மூவரும் கொச்சிக்கடை அந்தோனியாரின் தயவில் சுகம். அவ்விடம் நீயும் மாக்ரெட்டும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அதே அந்தோனியாரைத்தான் மன்றாடுகிறோம். வழக்கமாக இந்த நலவிசாரணையை அரைப் பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும். இன்று அதற்கு நேரமில்லை. வத்தளை செலீன் அக்கா நாளைக் காலை ரொறொன்ரோவுக்குப் பறக்கிறா. இந்தக் கடிதம் அவவின் கைப்பையில் வந்து உன் கையில் சேரவேண்டும். ஆகவே எல்லோரும் எல்லோரையும் விசாரித்தாயிற்று என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பி, எங்கள் ஐறீனை இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் கூப்பிட்டிருக்கிறது! ஆராய்ச்சிப் படிப்பு, முழுச் செலவும் அவர்களுடையது! என்ன ஆராய்ச்சி என்று அங்கே யாராவது கேட்டால் நீ முழிக்கக்கூடாது, அதற்காக எழுதுகிறேன், கவனமாக வாசி. நாங்கள் இங்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற நட்சத்திரமெல்லாம் எங்கள் மண்டலத்து நட்சத்திரம். இதுபோல மண்டலங்கள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன, அதிலே சில நூறும் ஆயிரமுமாகக் கொத்தாகச் சேர்ந்திருக்கின்றன. அந்தக் கொத்துகளில் இருக்கிற மண்டலம் ஒவ்வொன்றுக்கும் என்ன வயது, அதற்குள் எந்த மூலகம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பதுதான் பிள்ளையின் வேலை. எப்படி என்று கேள். அங்கிருந்து வருகிற வெளிச்சத்தை வானவில் மாதிரி விரிக்கிறார்கள். அதில் இடையிடையே கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். இரும்புக்கு ஒரு கோடு, மகனீசியத்துக்கு ஒரு கோடு, ஐதரசனுக்கு ஒரு கோடு. கோடு எவ்வளவு ஆழம் என்று அளந்தால் உள்ளே கிடக்கிற சரக்கு தெரிந்துவிடும். நான் துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்கு எண்ணினவன். மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே பருப்பா பயறா என்று சொன்ன ஒருவனை நான் கண்டதில்லை. இந்தப் பிள்ளை கொழும்பிலே ஒரு மேசையிலே இருந்துகொண்டு, கண்ணுக்கே தெரியாத தூரத்தில் கிடக்கிற ஒன்றைப் பார்த்து, இதில் இரும்பு இவ்வளவு, இதற்கு ஆயிரம் கோடி வருடம் வயது என்கிறாள். அட கர்த்தரே! எனக்குப் புல்லரித்துப் போயிற்று. ஒரு சங்கடம் என்னவென்றால், ஐதரசனையும் ஈலியத்தையும் தவிர மற்ற எல்லாவற்றையும் இவர்கள் உலோகம் என்றுதான் சொல்வார்களாம். ஒட்சிசனும் உலோகமாம்! நாங்கள் மூச்சு இழுக்கிறது உலோகமா என்று நான் சண்டைக்குப் போனேன். "அது எங்கடை வழக்கம் அப்பா, விடுங்கோ" என்று சொல்லிவிட்டாள். படித்த பிள்ளை, விட்டுவிட்டேன்.

இதில் ஒரு பெரிய தலையிடி இருக்கிறதாம். ஒருநாள் பின்னேரம் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். "அப்பா, இந்தத் தேத்தண்ணி கடுஞ்சிவப்பா இருக்கே, இது கனநேரம் ஊறினதாலயோ, தூள் கூடப் போட்டதாலயோ?" "அம்மாவைக் கேள்" என்றேன். "அம்மாவைக் கேக்காமல் நிறத்தை மட்டும் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள். எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. மண்டலமும் அப்படித்தானாம். வயது போனாலும் சிவக்கும், உலோகம் கூடினாலும் சிவக்கும். வெறும் நிறத்தைப் பார்த்து வயது சொன்னவனெல்லாம் மாட்டுப்பட்டிருக்கிறானாம். அதனால் இரும்பு, மகனீசியக் கோடுகளைச் சரக்குக்கு வைத்துக்கொண்டு, ஐதரசன் கோட்டை வயதுக்கு வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே வரைபில் போட்டால்தான் வயது வேறு, சரக்கு வேறு என்று பிரியும். அப்படிப் பிரித்துத்தான் ஒரு கொத்தில் இருக்கிற பெரிய மண்டலங்களெல்லாம் நல்ல வயதுபோனவை, சின்னதுகளுக்குள்ளே சிலது இளசு என்று கண்டுபிடித்து அனுப்பினாள். பேராசிரியர் பதில் போட்டார், உடனே புறப்பட்டு வா என்று. கரண்ட் வெட்டுக்கு நடுவிலே கம்பியூட்டரில் இருந்து செய்த கணக்கு தம்பி, சும்மா சொல்லக்கூடாது!

இனித்தான் கேள் வில்லங்கத்தை. அந்தப் புலமைப்பரிசிலுக்கு ஒரு நிபந்தனை. 1970 ஜனவரி முதலாம் தேதிக்கு முதல் பிறந்தவர்களுக்குக் கிடையாது. ஐறீன் அமலோற்பவ மாதா திருநாளில் பிறந்தவள், டிசம்பர் எட்டு. அதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. எந்த வருடத்து டிசம்பர் என்பதுதான் இப்போது வழக்கு. அடையாள அட்டையில் அறுபத்தொன்பது என்றிருக்கிறது. அது பள்ளிக்கூடத்து வயது. உனக்கு ஞாபகமிருக்கும், கொன்வென்ற் பாலர் வகுப்பில் சேர்க்கும்போது அந்த வருடம் வயது காணாது என்று சிஸ்டர் சொல்ல, நான் ஒரு வயதைக் கூட்டிப் போட்டேன். நீயும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு வந்தாய். ஒரு பிள்ளைக்குக் கூட்டிப் போட்டது நிச்சயம். எந்தப் பிள்ளைக்கு என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் தளம்பல். மூத்தவன் பீற்றரும் அதே கொன்வென்றில்தானே தொடங்கினவன். ஐறீனுக்குக் கூட்டியதென்றால் அவள் எழுபதில் பிறந்தவள், இங்கிலாந்து. பீற்றருக்குக் கூட்டியதென்றால் ஐறீன் அறுபத்தொன்பது, மூன்று கிழமை முந்திப் பிறந்த குற்றத்துக்காக வீட்டில் இருக்கவேண்டியதுதான். பிறப்பத்தாட்சியை எடுத்துப் பார்க்கலாமென்றால், அவள் பிறந்தது நேசத்தின் தாய்வீட்டில், மன்னார்ப் பக்கம். அங்கே பதிவுக் கந்தோர் இப்போது இருக்கிறதா, இருந்தால் கூரை இருக்கிறதா என்று சொல்ல ஆளில்லை. சண்டை நடக்கிற இடத்தில் யார் போய்ப் புத்தகம் புரட்டுவது? ஆயிரம் கோடி வருடத்துக்கு வயது சொல்கிற பிள்ளைக்குத் தன் வயதுக்கு அத்தாட்சி இல்லை. இதை எங்கே போய்ச் சொல்லி அழ!

பதிவுக் கந்தோருக்குப் போனேன். அப்படியானவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று கொடுப்பார்களாம். அதற்கு ஒரு டொக்டர் பார்த்துச் சொல்லவேண்டும், அதோடு குடும்பத்தில் பெரியவர்கள் இரண்டு பேர் சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும். கிளார்க் என்னைப் பார்த்து, "நீங்க அப்பாதானே, நீங்களே ஒண்டு குடுங்கோவன்" என்றார். நான் நேர்மையாக, "எனக்கு வடிவா ஞாபகமில்லை" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். "அப்ப உங்கடை சத்தியம் இனிச் செல்லாது" என்று பேனையை மூடிவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வீட்டில் தாயும் மகளும் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

டொக்டர் தாஸிம் தங்கமான மனுஷன். "வாங்க மகள், வாயத் தொறங்க" என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். பல் நல்லாகத் தேய்ந்திருக்கிறது, இருபத்தெட்டு சொல்லலாம் என்றார். இருபத்தெட்டு என்றால் இங்கிலாந்து இல்லை! ஐறீன் வாயை மூடிக்கொண்டு, "டொக்டர், இது வயசால தேஞ்சதோ, சாப்பாட்டால தேஞ்சதோ?" என்று கேட்டாளே பார்க்கலாம்! சின்ன வயதில் அம்மம்மா வீட்டில் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலைக் கடித்துக் கடித்து அவள் பல் தேய்ந்தது உனக்குத் தெரியும். டொக்டர் டோர்ச்சை நிறுத்திவிட்டு, "அத எப்படி மகள் பிரிக்கிற?" என்றார். அவ்வளவுதான்! இவள் அவருடைய மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு வரைபு கீறத் தொடங்கிவிட்டாள். இது இரும்பு, இது ஐதரசன், ஒரு அடையாளத்தை வைத்து வயது சொல்லக்கூடாது, ஒன்றையொன்று பாதிக்காத இரண்டு அடையாளம் வேண்டும் என்று. டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறார். ஆளுக்கு ஒரு பிளேன்ரீ வேறு வந்தது. வெளியிலே நோயாளர் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. ஒரு வயதுபோன மனுசி எட்டிப் பார்த்து, "தம்பி, அந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தம், இவ்வளவு நேரம்?" என்று என்னைக் கேட்டா. "வயசுதான் அம்மா" என்றேன். "அது எனக்கும்தான் இருக்கு, எனக்கு ரெண்டு நிமிசத்தில மருந்து எழுதிவிடுறார்!" என்று கத்தத் தொடங்கிவிட்டா. கடைசியில் டொக்டர், "மாஷா அல்லா, நீங்க சரியான எடத்துக்குத்தான் போறீங்க. ஆனா பல்ல வெச்சிச் சொல்லேலும் எண்டா இருவத்தாறுக்கும் இருவத்தொம்பதுக்கும் எடயில. அதுக்கு மேல அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்று அப்படியே எழுதிக் கொடுத்தார். மூன்று வருடம் முன்பின்! கப்பல் சரக்கில் நான் மூன்று மூட்டை முன்பின் என்று எழுதியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இவளோ, "நல்ல கவனமான மனுசன் அப்பா, பிழை எவ்வளவு வரும் எண்டதையும் சேத்து எழுதியிருக்கிறார்" என்று சந்தோஷப்படுகிறாள்.

வீட்டுக்கு வந்து நானே துப்புத் துலக்கத் தொடங்கினேன். எழுபதாம் ஆண்டுத் தேர்தல் ஞாபகமிருக்கிறதா, வைகாசி மாதம்? வாக்குப்போட வரிசையில் நின்றபோது உன் அண்ணி ஓங்காளித்துச் சத்தியெடுத்தா. ஆகவே அப்போது ஐறீன் வயிற்றில், ஆகவே எழுபது டிசம்பர்! எவ்வளவு அழகான அத்தாட்சி! துள்ளிக்கொண்டு சொன்னேன். ஐறீன் நிதானமாக, "அம்மா சத்தியெடுத்தது என்னாலயோ, காலமை சாப்பிட்டதாலயோ?" என்றாள். யோசித்துப் பார்த்தால், அன்று காலை பாணோடு தின்றது முதல்நாள் றால் கறி. சரி, அது போகட்டும், அன்றைக்கு நேசத்தின் கையில் ஒரு பிள்ளை இருந்ததே என்றேன். இரண்டு வயதுப் பீற்றரா, ஐந்து மாத ஐறீனா? "ரெண்டு வயசுப் பிள்ளைக்கும் அஞ்சு மாசப் பிள்ளைக்கும் பாரத்தில வித்தியாசம் தெரியாதே அப்பா?" "நான் எங்கை தூக்கினனான், கொம்மாவெல்லோ தூக்கினவ!" இருவரும் நேசத்தைத் திரும்பிப் பார்த்தோம். அவ எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா.

இந்த இடத்தில் ஐறீன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "அப்பா, உண்மையில நான் அறுபத்தொன்பது எண்டால் நான் அப்ளை பண்ணமாட்டன். மற்றவையின்ரை இடத்தைப் பொய் சொல்லி எடுக்கேலாது." முகத்தைப் பார்த்தால் தெரியும், சொன்னால் சொன்னதுதான். போகவேண்டுமென்ற ஆசை கண்ணிலே நிற்கிறது, தம்பி. இரவு பகலாக அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. இனி எல்லாம் நேசத்தின் வாயில்.

உன் அண்ணியைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொய் என்பது அவவின் நாக்கில் ஏறாத சாமான். போன வருடம் பொலிஸ் வீட்டுக்கு வந்து, பதிவில் உள்ளவர்களைத் தவிர வேறு யாராவது தங்கியிருக்கிறார்களா என்று கேட்டது. வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று தலையாட்டியிருப்பார்கள். இவ, "ஓம், என்ரை தமையன்ரை மகன் நிக்கிறான். நாளைக்கு இன்னும் ரெண்டு பேர் வருகினம்" என்று சொல்லி, நாற்காலியும் போட்டுக் கொடுத்தா. அதன் பலனாக நானும் அந்தப் பொடியனும் விடியுமட்டும் ஸ்ரேசன் வாங்கில் குந்தியிருந்தோம். அப்பேர்ப்பட்ட மனுசி, இந்த விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்பா. செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடைக்குப் போவா, மெழுகுதிரி கொளுத்துவா, வந்து சோறு வைப்பா. நான் வற்புறுத்தவில்லை. சரியாக ஞாபகப்படுத்தித்தான் சொல்லவேண்டும் என்று நினைக்கிறவ. போன செவ்வாய்க்கிழமை கோயிலால் வந்தா, முக்காட்டை எடுத்து மடித்து வைத்தா, "எழுபது" என்றா. "நல்லா யோசிச்சியோ?" என்றேன். "எழுபதுதான். கூட்டிப்போட்டது ஐறீனுக்கு" என்றா. ஐறீன் ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை, கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. தம்பி, ஒரு மண்டலத்தின் வயதுக்கு ஐதரசன் கோடு எப்படியோ, எங்கள் வீட்டுக்கு நேசத்தின் வார்த்தை அப்படி. அதிலே வேறு சரக்குக் கலக்காது.

மறுநாளே வெள்ளவத்தையில் சமாதான நீதவான் சிவபாலனிடம் போனோம். சைவக்காரர், வீட்டில் பைபிள் இல்லை. நேசம் கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தா. குரலில் ஒரு நடுக்கமில்லை. முடிந்த பிறகு தண்ணி கேட்டு இரண்டு கிளாஸ் குடித்தா, அன்று சரியான வெயில். திரும்பி வருகையில் பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். ஆமிக்காரப் பொடியன் ஐறீனின் அடையாள அட்டையைப் பார்த்தான், அறுபத்தொன்பது. பையில் இருந்த சத்தியக் கடதாசியைப் பார்த்தான், எழுபது. "மே தெகென் கோகத ஹரி?" இரண்டில் எது சரி என்று கேட்கிறான். இந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு வயது இருந்தால் அது சும்மா விஷயமா? ஐறீன் சிங்களத்தில் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னாள். அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "மகெத் அவுருத்தக் வெடி கரலா தமய்" என்றான். தனக்கும் ஒரு வருடம் கூட்டித்தான் போட்டிருக்கிறதாம், ஆமியில் சேருவதற்காக. மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. போங்கோ என்று கையைக் காட்டிவிட்டான். நேசம் பஸ்ஸில் ஏறியும் திரும்பித் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டு வந்தா.

இனி உன் வேலை, தம்பி. இரண்டாவது சத்தியக் கடதாசி நீதான். அன்றைக்குக் கொன்வென்றுக்குக் கூட வந்தவன் நீ ஒருவன்தான். எழுதவேண்டிய வாசகத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஐறீன் 1970 டிசம்பர் எட்டாம் தேதி பிறந்தவள், பள்ளியில் வயது கூட்டிப் போட்டது அவளுக்கே என்று நொத்தாரிசு முன்னால் ஒப்பமிட்டு, இந்த மாத முடிவுக்குள் கிடைக்கத்தக்கதாக அனுப்பு. உனக்கு அந்த நாள் மங்கலாக இருந்தாலும் பயப்படாதே. நேசம் சொல்லிவிட்டா, அதற்கு மேல் அத்தாட்சி இந்தக் கொழும்பிலேயே கிடையாது. பொய்ச் சத்தியம் செய்கிறேனோ என்ற ஒரு சின்ன உறுத்தல்கூட உனக்கு வேண்டாம்.

மாக்ரெட்டுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு முத்தங்கள். மாதாவின் போர்வைக்குள் நீங்கள் எல்லோரும் பத்திரமாக இருக்கவேண்டும், அந்தப் போர்வையின் ஒரு நுனி இங்கேயும் எட்டவேண்டும். குளிர் தொடங்கமுன் தலைக்குத் தொப்பி வாங்கு, உனக்குச் சளி உடம்பு.

இப்படிக்கு,
சந்தோஷத்தில் நித்திரை கெட்டிருக்கும் உன் அண்ணன்,
சவுந்தரநாயகம்

பி.கு.: செலீன் அக்காவிடம் கொடுப்பதற்காக இந்தக் கடிதத்தை நேசத்திடம் ஒப்படைக்கிறேன். அவதான் வத்தளைக்குப் போகிறா.

பி.கு. 2: தம்பி பற்றிக், நான் நேசம் எழுதுறன். இவர் உறையை ஒட்டாமல் தந்தவர். வத்தளை பஸ்ஸுக்குள்ளை இருந்து எழுதுறன், எழுத்துக் கோணல், குறை நினைக்காதேங்கோ. கூட்டிப்போட்டது பீற்றருக்கு. நீங்கள் கையில பிடிச்சுக்கொண்டு போனது அவனைத்தான், வழியெல்லாம் அழுதவன், நீங்கள் தோடம்பழ இனிப்பு வாங்கிக் குடுத்தனீங்கள். உங்களுக்கு வடிவா ஞாபகம் இருக்கும், அதுதான் எனக்குப் பயமாக் கிடக்குது. ஐறீன் அறுபத்தொன்பதுதான், பெத்தவளுக்குத் தெரியாதே? அண்டைக்கு வாக்குப்போட வரிசையில என்ரை கையில இருந்ததும் அவள்தான். அவள் கம்பசால வீடு வந்து சேருமட்டும் ஒவ்வொரு நாளும் நான் வாசலிலதான் நிக்கிறன், பஸ் பிந்தினால் என்ரை உயிர் போய்த்தான் வருகுது. அவள் போகட்டும். எழுபது எண்டே எழுதி அனுப்புங்கோ. அவளுக்கும் இவருக்கும் சாகுமட்டும் தெரியக்கூடாது. பாவத்தை என்ரை தலையில போடச்சொல்லி அந்தோனியாரிட்டை சொல்லிப்போட்டன், உங்கடையையும் சேத்துத்தான்.